வழவழப்பு

பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி லேபில் கிருமி வளர்த்துப் பார்ப்பதுதான் என் வேலை. கிருமியைப் பற்றி யாரும் என்னிடம் கதை விட முடியாது. அப்படிப்பட்ட என் கண் முன்னால்தான் எங்கள் நூகு நானாவின் உயிர் ஒரு பசையில் போய் மாட்டிக்கொண்டது.

நானா என் கூடப்பிறந்த அண்ணன். ஷார்ஜாவில் துணிக்கடையில் பதினெட்டு வருடம் நின்றவர். இரண்டு கிட்னியும் கெட்டுப்போய்க் காரைக்காலுக்குத் திரும்பினார். மூன்று வருடமாக வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். ஊசி குத்துவதற்காகக் கையில் செய்த இரண்டு ஆபரேஷனும் பலிக்கவில்லை. தொடை நரம்புகளும் அடைத்துப்போயின. மிச்சமிருந்தது வலது கழுத்து நரம்பு ஒன்றுதான். அதற்குள் ஒரு குழாயைச் செருகி, நுனியை நெஞ்சு வழியாக வெளியே எடுத்துக் கட்டுப் போட்டிருந்தார்கள். அதை நம்பித்தான் அவர் நடமாடினார்.

குழாய் நனையக் கூடாது என்பது கண்டிப்பு. இடுப்புக்குக் கீழே தண்ணீர் ஊற்றலாம், மேலே ஈரத்துணியால் துடைக்கலாம். மற்ற நாளெல்லாம் நானா பேசாமல் துடைத்துக்கொள்வார். வெள்ளிக்கிழமை மட்டும் பிடிவாதம். ஜும்ஆவுக்குக் குளிக்காமல் போய் அவருக்குப் பழக்கமில்லை.

"தொழுகையில பக்கத்துல நிக்கிறவரு என் வேர்வ நாத்தத்த மோந்துக்கிட்டு நிக்கணுமா, அஸ்ஃபியா?"

அவர் மனைவி பஹீமா ஒதுங்கிக்கொண்டார். "நீ லேப்ல இருக்கிறவ, நீயே கட்டிவிடு."

நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி பாலித்தீன் கவரை நறுக்கி நெஞ்சில் வைத்து, நாலு பக்கமும் பிளாஸ்டர் ஒட்டி, ஸ்டூலில் உட்காரவைத்து, மக்கால் மொண்டு தலையில் ஊற்றினேன். நாற்பத்து மூன்று வயது ஆள் கண்ணை மூடிக்கொண்டு குழந்தை மாதிரி சிரிப்பார். அந்தச் சிரிப்புக்காகத்தான் செய்தேன். ஏழு வெள்ளிக்கிழமை.

எட்டாவது வாரம், டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குளிர்ஜுரம் தூக்கிப்போட்டது. அவர் ரத்தம் எங்கள் லேபுக்கே வந்தது. மூன்றாம் நாள் கிருமி வளர்க்கும் தட்டைத் திறந்தால் பச்சைப் பசேல் என்று படர்ந்திருந்தது, கூடவே பழுத்த திராட்சை வாசம். ஈரத்தில் குடியிருக்கும் கிருமி அது.

டாக்டர் சந்திரலேகா நல்ல மருந்தாகத்தான் போட்டார். ஜுரம் இறங்கும், நாலு நாள் கழித்து மறுபடி ஏறும். ஏன் என்று பார்க்க, அந்தக் கிருமியைக் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஊதாச் சாயம் ஊற்றி அலசினேன். பசை இல்லாத கிருமியாக இருந்தால் எல்லாம் சாயத்தோடு போயிருக்கும். போகவில்லை. கண்ணாடியின் உள்சுவரில் ஊதா நிறத்தில் ஒரு தோல் ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் தரம் அலசினேன். மூன்றாம் தரம் அலசும்போது அழுதுகொண்டிருந்தேன்.

சர்க்கரையையும் புரதத்தையும் செத்துப்போன சொந்தங்களின் மிச்சத்தையும் குழைத்துப் பசையாக்கி அந்தக் கிருமிகள் தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்கின்றன. மருந்து மேலே பட்டதைக் கொல்லும். பசைக்குள் பதுங்கியிருப்பது நிதானமாக எழுந்து மறுபடி ரத்தத்தில் இறங்கும். பாழாய்ப்போன ஜென்மங்களுக்கு என்ன ஒற்றுமை! எங்கள் குடும்பத்தில் நாலு பேர் அப்படிச் சேர்ந்து இருந்ததில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் குளியலறை மக்கை எடுத்து உள்பக்கம் தடவினேன். கட்டைவிரல் வழுக்கியது. எந்த வீட்டு மக்கும் அப்படித்தான் வழுக்கும், யாரும் அதை ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து லேபில் வளரவிட்டேன். இரண்டாம் நாள் அதே பச்சை, அதே திராட்சை வாசம்.

மறுநாள் டாக்டர் நானாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். நானும் பஹீமாவும் நின்றுகொண்டிருந்தோம்.

"குழாய எடுத்தாகணும். உள்ளுக்குள்ள பூரா படிஞ்சிருக்கு. போன வழியெல்லாம் சீழ் வச்சிருக்கறதால அதே எடத்துல புதுசு போட முடியாது. வேற நரம்பு கெடைக்குமான்னு புதுச்சேரியில ஸ்கேன காட்டினேன். அவங்களும் கைய விரிச்சிட்டாங்க." பிறகு கேட்டார்: "எங்கயாச்சும் தண்ணி பட்டுச்சா?"

நான் வாயைத் திறந்தேன்.

"இல்லீங்க டாக்டர்," என்றார் நானா. "ஒரு சொட்டுகூடப் படல."

டாக்டர் போனதும் பஹீமா முகம் கழுவ வெளியே போனார். நான் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஏன் நானா பொய் சொன்னீங்க? நம்ம மக்குலயும் அதே கிருமிதான் இருக்கு. நான்தான் ஒங்க தலையில ஊத்துனேன்."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"மூணாவது வாரமே கவருக்குள்ள தண்ணி எறங்கிடுச்சு. நெஞ்சுல ஜில்லுன்னு இருந்துச்சு."

"அப்பவே சொல்ல வேண்டியதுதானே!"

"சொன்னா நீ நிறுத்தியிருப்பே."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மனுஷனை ஓங்கி அறைந்திருப்பேன். அறையவில்லை. அவர் கையை எடுத்து என் முகத்தில் வைத்துக்கொண்டு சத்தம்போட்டு அழுதேன்.

புதன்கிழமை குழாயை எடுத்தார்கள். டயாலிசிஸ் இல்லாமல் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் உயிர் ஓடும் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானாவைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் ஸ்டூலில் உட்காரவைத்தேன். முகமும் காலும் வீங்கியிருந்தன. பஹீமா புது மக் வாங்கி, அதிலும் வெந்நீர் ஊற்றிக் கழுவி வைத்திருந்தார். பழக்கதோஷத்தில் நான் கத்தரிக்கோலையும் பாலித்தீன் கவரையும் எடுத்துவிட்டேன்.

நானா அதைப் பார்த்தார். "இனிமே அது எதுக்கு?"

கவரைக் கீழே போட்டேன். ஒரு மக் மொண்டு ஊற்றினேன். தண்ணீர் தலையிலிருந்து தோளுக்கு இறங்கி, குழாய் இருந்த இடத்தில் போட்டிருந்த கட்டை நனைத்துக்கொண்டு ஓடியது. நானா கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். பள்ளிவாசல் வரைக்கும் நடக்க அவருக்குத் தெம்பில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நல்லா ஊத்து அஸ்ஃபியா," என்றார். "ஜும்ஆவுக்கு நேரமாவுது."