அம்மாவுக்கு ஒதுக்கிய முதல் இடம்

லார்கன் ஃபீனி தேர்வில் தேறிவிட்டான். அவன் வாழ்க்கையில் அதுவரை நடந்த பெரிய விபத்து அதுதான்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளி வாசலில் நின்று கைப்பேசியில் மதிப்பெண்களைப் பார்த்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் லேசாகத் தலையை ஆட்டிக்கொண்டே வந்தான். உயிரியல் நன்றாக இருந்தது. வேதியியலும் நன்றாகவே இருந்தது. கணக்கில் உயிர் இருந்தது. கடைசியாக ஐரிஷ் மொழிப்பாடம். அங்கே தலை ஆடுவது நின்றுவிட்டது. உயர்நிலைத் தாளில் நான்காம் தரம்.

கைப்பேசியை அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டான். நான்கு நான்காகவே இருந்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? ஃபெயிலா?" என்று முதுகில் தட்டினான் ரோனன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பக்கத்து இருக்கை.

"பாஸ்."

"அப்புறம் என்ன கேடு?"

"ஐரிஷ்ல பாஸ்டா."

ரோனன் சிரிக்க ஆரம்பித்தான். பாதியில் விஷயம் புரிந்ததும் சிரிப்பு நின்றது. அப்புறம் முன்னைவிடச் சத்தமாகச் சிரித்தான்.

நாட்டிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் போல லார்கனும் பிப்ரவரியில் பத்துப் படிப்புகளை வரிசைப்படுத்திப் பல்கலைக்கழக விண்ணப்பம் அனுப்பியிருந்தான். அவன் மனதார விரும்பியது ஒன்றே ஒன்று: கால்வே நகரப் பல்கலைக்கழகத்தில் கடல் உயிரியல். கடற்பாசியைப் பற்றி அவன் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களுக்கு வேறு வேலை நினைவுக்கு வந்துவிடும். ஆனால் அதை அவன் எழுதியது இரண்டாவது இடத்தில்தான். முதலிடம் லிமரிக்கில் உள்ள ஆசிரியர் கல்லூரிக்கு. அவன் அம்மா ஜெரால்டின் ஊர்த் தொடக்கப்பள்ளியின் தலைமையாசிரியை. அவளுடைய அப்பாவும் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். அம்மா ஒருநாளும் வற்புறுத்தியதில்லை. ரொட்டிக்கு வெண்ணெய் தடவும்போது பெருமூச்சு மட்டும் விடுவாள். அந்தப் பெருமூச்சுக்கு ஒரு முதலிடம் கொடுத்தால் வீடு அமைதியாக இருக்கும் என்று லார்கன் கணக்குப் போட்டான்.

ஆபத்தே இல்லாத ஏற்பாடு. தொடக்கப்பள்ளி ஆசிரியராக வேண்டுமானால் ஐரிஷில் நான்காம் தரமாவது வேண்டும். லார்கனின் ஐரிஷ் கட்டுரையைப் படித்தால் மொழியாசிரியர் கானலி சார் தாளைக் கீழே வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். அந்தச் சுவரை அவனால் தாண்டவே முடியாது. அதனால் அம்மாவுக்காக அந்தக் கல்லூரியைத் தைரியமாக முதலில் எழுதி வைத்தான். ரோனனும் அப்படித்தான். அவன் முதலிடம் அப்பாவுக்காகச் சட்டம். ஆனால் சட்டத்துக்கு வேண்டிய மதிப்பெண் எட்டாத அளவுக்கு அவன் நேர்மையாகத் தோற்றிருந்தான்.

அதற்குள் கானலி சாரே வாசலுக்கு ஓடிவந்து லார்கனைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

"கெட்டிக்காரன்டா நீ! எனக்கே நம்ப முடியல!"

"எனக்கும்தான் சார். ஒரு சந்தேகம். மறுமதிப்பீட்டுல மார்க் மாறுமா?"

"மாறலாம். இன்னும் ஏத்தணும்னு பாக்குறியா? பேராசைடா!"

"இறக்கணும் சார்."

கானலி சார் கையை எடுத்துக்கொண்டார்.

"இறங்கவும் செய்யும். ஆனா இறங்கணும்னே யாரும் போட்டதில்லப்பா. உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் எப்படி சார் பாஸானேன்?"

"எழுதுன தாள்ல வாய்ப்பே இல்ல," என்றார் அவர் யோசித்து. "வாய்மொழித் தேர்வுதான் காப்பாத்தியிருக்கணும். அங்க என்ன பேசுன?"

லார்கனுக்கு அந்த நாள் நினைவுக்கு வந்தது. படங்களைக் காட்டிக் கேட்டால் ஒப்பிப்பதற்கு மனப்பாடம் செய்துபோன கதை அன்று தேர்வறை வாசற்படியிலேயே மறந்துபோயிருந்தது. தேர்வு நடத்திய பெண்மணி, பாவம், ஆறுதலாக இருக்கட்டும் என்று, "ஐரிஷ் பிடிக்குமா?" என்று கேட்டார். அவ்வளவுதான். ஐந்து வயதிலிருந்து இந்த மொழியைப் படிக்கிறேன், இன்றுவரை ஒரு கோப்பைத் தேநீர் கேட்டு வாங்கத் தெரியவில்லை, இதைக் கண்டுபிடித்தவன் எவன், கற்பித்தவன் எவன் என்று மூச்சுவிடாமல் திட்டித் தீர்த்துவிட்டான். அதை அப்படியே சாரிடம் சொன்னான்.

"எந்த மொழியில திட்டுன?"

"ஐரிஷ்லதான் சார். அங்க வேற எதுவும் பேசக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

கானலி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கற்பித்தவன் எவன் என்ற கேள்வியால் அல்ல, பெருமையால்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து கார் வரை நடப்பதற்குள் ஐரிஷ் மார்க் விவரத்தை அம்மா ஊர் முழுவதற்கும் சொல்லி முடித்தாள். லார்கனின் கையை ஃபாதர் குலுக்கி, "வருங்கால மாஸ்டர்!" என்றார். லார்கன் சிரித்தான். பல் வலிக்காரன் சிரிப்பு. இன்னும் ஒரு நம்பிக்கை பாக்கி இருந்தது. இந்த வருடம் எல்லாப் பிள்ளைகளும் ஆசிரியராகத் துடித்து, அந்தக் கல்லூரிக்கு வேண்டிய மொத்த மதிப்பெண் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கக்கூடாதா?

போகவில்லை. புதன்கிழமை மதியம் சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்தபோது திரையில் இருந்தது ஒரே அழைப்பு. லிமரிக், ஆசிரியர் கல்லூரி.

தோளுக்குப் பின்னால் நின்ற அம்மா அவன் உச்சந்தலையில் முத்தமிட்டாள். "என் செல்லம்! தேநீர் போடுறேன்."

"அம்மா, இதை ஏத்துக்காம விட்டா அடுத்த சுற்றுல கால்வே வந்துரும்."

கெட்டிலைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"எந்தக் கால்வே?"

"ரெண்டாவதா போட்டிருக்கேனே, அது."

ஜெரால்டின் கெட்டிலை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பழைய மாணவர்களின் பெற்றோர் எத்தனையோ பேருக்கு இதை விளக்கிச் சொன்னவள். தன் வீட்டில் சொல்ல நேரும் என்று நினைத்ததில்லை.

"டேய், மேல இருக்கிறது கிடைச்சுட்டா கீழ இருக்கிறது எல்லாம் அழிஞ்சிரும்டா. நீ ஏத்துக்கிட்டாலும் அழியும், ஏத்துக்காட்டாலும் அழியும். கால்வே இந்த வருஷம் வரவே வராது."

லார்கன் கொட்டக் கொட்ட விழித்தான். "ரோனனோட அண்ணன் அப்படிச் சொல்லலயே."

"ரோனனோட அண்ணன் ரெண்டு தடவ விண்ணப்பிச்சவன்! ஏன்னு நெனச்ச? அது கிடக்கட்டும். புடிக்காததை எதுக்கு முதல்ல போட்ட?"

"உனக்காகத்தான்."

"நான் எப்போடா கேட்டேன்?"

"கேக்கல. தினமும் பெருமூச்சு விட்ட."

"ஸ்கூல் கூரை ஒழுகுதுடா! மூணு வருஷமா ஒழுகுது! அதுக்குப் பெருமூச்சு விடாம பாட்டா பாடுவாங்க?"

இருவரும் ஒருவரையொருவர் முதன்முறை பார்ப்பவர்கள் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

"நீ முதல்ல போட்டதைப் பாத்துட்டு எனக்கு எத்தன நாள் தூக்கம் வரல தெரியுமா?" என்றாள் அம்மா. அவள் குரல் இறங்கியிருந்தது. "உன்கிட்ட ஐரிஷ் படிக்கப்போற புள்ளைங்களை நெனச்சு. ஆசையா போட்டிருக்கானே, மனசை உடைக்கக்கூடாதுன்னு வாயை மூடிக்கிட்டேன். பூசையில வேற போய்ச் சொல்லித் தொலைச்சேன்."

லார்கன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து அந்த ஒரே அழைப்பை மறுபடி படித்தான்.

"சரி, ஒழுங்கா பதில் சொல்லு. லிமரிக் போறியா?"

அவன் நாலு வருடத்தை நினைத்துப்பார்த்தான். அதற்கப்புறம் வரும் நாற்பதையும்.

"மாட்டேன்மா. அடுத்த வருஷம் கால்வேயை மட்டும் போடுறேன்."

அம்மா மடிக்கணினியை மெல்ல மூடினாள். திட்டவில்லை. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

பின்கதவு திறந்தது. அப்பா மார்ட்டின் தொழுவத்திலிருந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழற்றினார். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேசாதவர். அதிலும் பாதி மாடுகளுக்கு.

"எங்க போறான்?" என்றார்.

"எங்கயும் போகல," என்றாள் அம்மா. "ஒரு வருஷம் வீட்டுலதான்."

அப்பா கைகழுவினார். நிதானமாகத் துடைத்தார். அப்புறம் மாடிப்படிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் தலையை விட்டுத் துழாவி, உறை பிரிக்காத ஒரு நீல நிறப் பண்ணை உடுப்பைக் கொண்டுவந்து மகன் மடியில் வைத்தார்.

"உன் அளவுதான். நீ விண்ணப்பம் போட்ட பிப்ரவரிலயே வாங்கி வெச்சேன்."

அம்மாவும் மகனும் அவரை வெறித்துப் பார்த்தார்கள். பாதியில் நின்ற தேநீரை அப்பாவே போட்டு ஊற்றிக்கொண்டார்.

"மாட்டுப் புல்லு மூணாவது அறுப்புக்கு நிக்குது," என்றார். அவர் சிரிப்பதை அந்த வீட்டில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.