பறவைக் கணக்கு

மாப்பிள்ளை ஸ்டூல் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கட்டிலிலிருந்து மாமனாரின் குரல் வந்தது.

"இறங்குங்க மாப்ள. கடிகாரத்தை நிறுத்திட்டா நாலு மணி ஆகாதா?"

பஸ் டிப்போவில் ஆயுள் முழுக்க வண்டிகளை நேரத்துக்குக் கிளப்பிவிடும் டைம்கீப்பராக இருந்தவரிடம் இந்த வித்தை பலிக்கும் என்று நம்பிய தன் புத்தியை மெச்சியபடி அவன் இறங்கினான்.

காலையில், வெளிநாட்டிலிருந்து மகன் விமானம் ஏறிவிட்டான் என்றதும் மாமனார் கேட்டது ஒன்றுதான்: "வந்து சேர எவ்வளவு நேரமாகும்?" மாப்பிள்ளை போனில் இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினான். தூரமும் நேரமும் டக்கென்று வந்து விழுந்தன. "ஒன்பது மணி நேரம் மாமா! நாலு மணிக்கு வாசல்ல நிப்பான்!" இந்த வீட்டில் ஒரு கேள்விக்கு அவன் உடனே பதில் சொன்னது அதுதான் முதல் தடவை.

எங்கும் நிற்காமல் நேர்கோட்டில் பறந்தால் ஒன்பது மணி நேரம். அப்படி ஒரு விமானமே கிடையாது. நடுவழியில் வேறொரு ஊரில் இறங்கி, அடுத்த விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்த மச்சினன் மதியம் போன் செய்தபோதுதான் விஷயம் தெரிந்தது. அவன் வர நாளைக் காலை ஆகும்.

வலிக்கு டாக்டர் ஊசி எழுதியிருந்தார். போட்டால் தூங்கிவிடுவார், மறுபடி விழிப்பது சந்தேகம். "அவன் மூஞ்சியைப் பாத்துட்டுப் போட்டுக்கறேன்" என்று மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கட்டில் கம்பியை இறுக்கிய விரல்கள் வெளுத்திருந்தன. வீட்டோடு இருந்த நர்ஸ் ஊசியோடு வந்து வந்து திரும்பிப் போனாள்.

"நீங்களே சொல்லுங்க," மனைவி கிசுகிசுத்தாள். "ஒன்பதுன்னு சொன்ன வாய் உங்களோடதுதானே."

"மாமா... நான் சொன்னது பறவைக் கணக்கு. நேரா பறந்தா ஆகுற நேரம். அவன் நடுவுல மாறி வரணும். நாளைக்குக் காலையிலதான்..."

வலி ஒருமுறை மாமனாரின் உடம்பை முறுக்கிவிட்டுப் போனது.

"வழியில எங்கெங்க நிக்கும்னு கேக்காம டைம் சொல்லுவாங்களா? எங்க டிப்போல உங்களை வாட்ச்மேனாகூட வெச்சிருக்க மாட்டாங்க."

"தப்புதான் மாமா."

"கிளம்பிட்டான்ல?"

"பாதி தூரம் வந்துட்டான்."

"வண்டி கிளம்பிட்டா என் வேலை முடிஞ்சுது. நர்ஸைக் கூப்பிடுங்க."

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். ஊசி இறங்கியதும் விரல்கள் ஒவ்வொன்றாகக் கம்பியை விட்டன. விளக்குப் போடும் நேரத்துக்கு மூச்சு நின்றது.

நர்ஸ் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சினன்.

"அத்தான், ஏறிட்டேன். கதவை மூடப் போறாங்க. அப்பா முழிச்சிருக்காரா?"

மனைவி அவனையே பார்த்தாள். சொன்னால், முன்பின் தெரியாதவர்கள் நடுவே, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, மச்சினன் விடிய விடிய அழுதபடி வர வேண்டும்.

"தூங்கறாருடா."

"வலி?"

"இல்ல. நீ சாப்பிட்டியா?"

"எங்க சாப்பிடறது..."

"குடுக்கறதை மிச்சம் வெக்காம சாப்பிடு. நான் ஏர்போர்ட்டுக்கு வரேன்."

போனை அணைக்கச் சொல்லி அந்தப் பக்கம் யாரோ அதட்டினார்கள். சத்தம் நின்ற பிறகும் மாப்பிள்ளை போனைக் காதிலேயே வைத்திருந்தான். மனைவி வந்து அந்தக் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கினாள். அப்புறமும் விடவில்லை.