ஜாபேஸிடம் சொன்ன சின்னம்

ஜாபேஸ் எண்பத்தெட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவன். எட்டு வருடத்தில் பதிவைப் புதுப்பித்ததுதான் மிச்சம். பி.ஏ. படித்துவிட்டுப் பந்தல்குடி ரோட்டில் லாரிக்கு லோடு ஏற்றினான். கடைசியில் மதுரை சர்வே கம்பெனி ஒன்று கூப்பிட்டது. ஓட்டுப் போட்டு வெளியே வருகிறவர்களிடம் எந்தச் சின்னம் என்று கேட்டு எழுத வேண்டும். எழுதியது தேர்தல் முடிவோடு ஒத்துப்போனால் வேலை நிரந்தரம்.

சொந்த ஊர் பூத்தையே கேட்டு வாங்கினான். தெரிந்த முகத்திடம் யார் பொய் சொல்வார்கள் என்று நினைப்பு. தெரிந்த முகத்திடம்தானே சொல்வார்கள்!

தேர்தலுக்கு முந்தின நாள் அவனை இறக்கிவிட ஜீப்பில் வந்த கம்பெனி அதிகாரி வெயில் தாங்காமல் குடைக் கட்சிப் பந்தலில் இரண்டு சொம்பு மோர் குடித்துவிட்டுப் போனார். வேண்டாதவர் வீட்டில் கை நனைக்காத ஊர் அது. மோர் குடித்தவர் குடைக்காரர், அவர் கொடுக்கும் வேலையும் குடைக்காரர் வேலை என்று முடிவு கட்டிவிட்டது.

"குடைதாம்யா, வேற எதுக்குப் போடப்போறோம்?" என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி அவன் கன்னத்தைத் தடவினாள். தராசுக் கட்சிக்காக மூன்று வாரம் தொண்டை கிழியக் கத்திய கோட்டைச்சாமியே, "குடைன்னு எழுதிக்கப்பா" என்றார். ஜாபேஸுக்கு அங்கேயே உறைத்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது. அம்மா மரியசெல்வியும் விரல் மையை ஊதிக்கொண்டே வந்து குடை என்றாள். நூற்றுக்கு எண்பத்தாறு பேர் குடை; மீதிப் பேர் எந்தச் சின்னமும் சொல்லவில்லை.

தராசு ஜெயித்தது. குடைக்கு டெபாசிட் தப்பியதே பெரிய பாடு. அருப்புக்கோட்டைக்குப் போய்க் கம்பெனிக்குப் போன் போட்டான். "வீட்ல உக்காந்தே எழுதுனியாப்பா?" என்று கேட்ட அதிகாரி, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டான். "நெசமா எதுக்கும்மா போட்ட?"

"தராசுக்குத்தான்."

"எங்கிட்டயுமா பொய் சொன்ன?"

"ஒன் வேலைக்காகத்தான்யா! ஒன் ஆபீசரு குடைக்காரவுகல்ல? நம்ம பயலுக்கு ஒரு நல்லது நடக்கட்டும்னு கோட்டைச்சாமி அண்ணந்தான் வீடு வீடாச் சொல்லிட்டு வந்தாக. ஒருத்தர் மாத்திச் சொல்லலயே?" அவள் முகம் பூரித்துக் கிடந்தது. "ஆர்டர் எப்பய்யா வரும்?"

ஜாபேஸ் திட்ட வாயெடுத்தான். ஆனால் யாரைத் திட்டுவது? கெடுதல் நினைத்தவன் என்று ஊரில் ஒருத்தன்கூட இல்லையே.

"அடுத்த வாரம் வந்துரும்மா" என்று அவளுக்குப் பிடித்ததைச் சொல்லிவிட்டு, லோடு ஏற்றப் பந்தல்குடி பஸ்ஸைப் பிடித்தான்.