பேர் கூப்பிடும் காட்சி

அகதிகளைப் பற்றிப் படம் எடுக்க வந்தவர்களுக்கு அகதி முகாமுக்குள் படம் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? உள்ளே இருப்பவர்களுக்கே வரவும் போகவும் ஆயிரம் கேள்வி. டைரக்டர் கிளாட்சன் வலங்கைமானுக்குப் பக்கத்தில் மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லை வாடகைக்குப் பிடித்து, நெல் காயப்போடும் களத்தில் தகர ஷீட்டுகளை நிறுத்தி ஒரு முகாமைக் கட்டிவிட்டான். நிஜ முகாமைவிட நன்றாகவே இருந்தது. குழாயில் தண்ணீர்கூட வந்தது.

கூட்டத்தில் நிற்க ஆள் வேண்டுமே, அதற்கு நிஜ முகாமிலிருந்தே இரண்டு வேன் நிறையக் கூட்டிவந்தார்கள். அதில் ஷோபனாவும் அவள் மாமியார் தெய்வானையும் இருந்தார்கள். ஷோபனா கைக்குழந்தையாகப் படகில் வந்தவள். முகாமில் வளர்ந்து, சுற்றுவட்டாரத்து வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்ப் போய், அவள் பேச்சு முழுக்கத் தஞ்சாவூர்ப் பேச்சாகிவிட்டது. சென்னையிலிருந்து வந்த கதாநாயகியோ ஒரு மூலையில் உட்கார்ந்து இலங்கைத் தமிழில் "என்னால கதைக்கேலாது" என்று காலையிலிருந்து உருப்போட்டுக்கொண்டிருந்தாள். ஷோபனாவிடம் நாலு வார்த்தை பேசிப் பார்த்த உதவி டைரக்டர் பிரின்ஸி, அக்கா நீங்க அகதி மாதிரியே இல்லையேக்கா என்றாள். நல்ல பெண், பாராட்டாகத்தான் சொன்னாள். ஷோபனாவும் சிரித்துவைத்தாள்.

ஷோபனாவின் புருஷன் தவராசா பெயிண்டர். கும்பகோணம் வரைக்கும் போய் ஊரான் வீட்டுச் சுவருக்கெல்லாம் வர்ணம் அடித்தவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எவனோ ஒரு ஏஜென்ட் பாவி பேச்சைக் கேட்டு, நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஒரு கரையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏறினான். போனவன் போனவன்தான். போய்ச் சேர்ந்தான் என்று ஒரு சொல் இல்லை, செத்தான் என்றும் ஒரு சொல் இல்லை. பொட்டு வைப்பதா அழிப்பதா என்றுகூடத் தெரியாமல் ஒருத்தி இத்தனை வருஷம் கண்ணாடி முன்னால் நிற்பதென்றால் அந்தக் கொடுமையை யாரிடம் போய்ச் சொல்வது?

முகாமில் மாதாமாதம் கணக்கெடுப்பு உண்டு. ரெவின்யூ இன்ஸ்பெக்டர், அதாவது ஆர்.ஐ., வந்து குடும்பம் குடும்பமாகப் பேர் கூப்பிடுவார். பேர் வந்ததும் ஆள் முன்னால் வந்து முகத்தைக் காட்ட வேண்டும். சில மாதம் முகம் காட்டாவிட்டால் பேரை அடித்துவிடுவார்கள். தவராசாவின் பேரையும் அடித்தார்கள். தெய்வானை மட்டும் விடவில்லை. ஒவ்வொரு கணக்கெடுப்பிலும் தன் பேருக்குக் கை காட்டிவிட்டு, கூப்பிடாத பேருக்கும் சேர்த்து "தவராசாவும் இருக்கிறான் ஐயா" என்பாள். முதலில் அதட்டிப் பார்த்தார்கள். அப்புறம் அது பழகிப்போய் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

கிளாட்சன் அன்றைக்கு எடுக்க வேண்டியது இந்தக் கணக்கெடுப்பைத்தான். படம் சிரிப்புப் படம், நடுநடுவே கண்ணும் கலங்க வேண்டும். ஆர்.ஐ. வேஷத்துக்குச் சாமிதுரை வந்திருந்தார். திருவிழா மேடைகளில் ஜனங்களைப் புரண்டு புரண்டு சிரிக்கவைக்கிற மனிதர். அவர் காக்கிக் கலர் ஜீப்பில் வந்து இறங்கியதும் கூட்டம் முண்டியடித்துக் கூச்சல் போட வேண்டும் என்பது ஏற்பாடு.

ஜீப் வந்தது. எவரும் முண்டவில்லை. ஆண்கள் மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிட்டார்கள், பெண்கள் பிள்ளைகளை முன்னால் இழுத்துக்கொண்டார்கள். மூச்சுவிடும் சத்தம்கூட இல்லாமல் வளையாத ஒரு வரிசை நின்றது. கிளாட்சன் தலையில் அடித்துக்கொண்டான். சண்டை போடுங்கள், கத்துங்கள் என்று கெஞ்சினான். கத்தினால் பேரை அடித்துவிடுவார்களே தம்பி என்றார் ஒருவர். அவர் ஆர்.ஐ. வேஷத்தில் நின்ற சாமிதுரையைப் பார்த்தபடிதான் சொன்னார், அதிலும் மரியாதையாகச் சொன்னார்.

சரி, நிஜமான பேர்களையே கூப்பிடுவோம், அப்போதாவது உயிர் வரும் என்று பிரின்ஸி ஒவ்வொருவரிடமும் பேர் கேட்டு எழுதினாள். ஷோபனாவின் முறை வந்தது. தன் பேரைச் சொன்னாள், மாமியார் பேரைச் சொன்னாள். அப்புறம், ஏன் சொன்னோம் என்று அவளுக்கே தெரியாமல், தவராசா என்றும் சொன்னாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது அந்தப் பேரை வரிசையில் கூப்பிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

சாமிதுரை "தவராசா!" என்று கூப்பிட்டார். தெய்வானைக்குக் கண் மின்னியது. பன்னிரண்டு வருஷத்துக்குப் பிறகு அரசாங்கமே தன் மகனைக் கூப்பிடுகிறது, விடுவாளா? "இருக்கிறான் ஐயா!" என்றாள்.

சாமிதுரை கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "எங்கம்மா இருக்கான்? உன் முந்தானைக்குள்ளயா?"

கேமரா பிடித்தவனிலிருந்து டீ கொடுத்தவன் வரை வெடித்துச் சிரித்தார்கள். கிளாட்சன் ஓடிவந்து சாமிதுரையைக் கட்டிக்கொண்டான். ஷோபனா மாமியாரின் முந்தானையை இழுத்துச் சரிசெய்தாள்.

தவராசா காணாமல் போன விஷயம் சாப்பாட்டு நேரத்தில் யார் மூலமாகவோ கிளாட்சன் காதுக்குப் போயிற்று. முகம் செத்துப்போய் ஷோபனாவிடம் வந்தான். அவன் கெட்டவனில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். தெரியாமப் பண்ணிட்டோம்க்கா, அந்தக் காட்சியையே தூக்கிடறேன் என்றான்.

ஷோபனா சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். பிறகு கேட்டாள்.

"இந்தப் படம் எங்கெல்லாம் தம்பி போகும்?"

எல்லாம் சரியாக வந்தால் முதலில் ஆஸ்திரேலியாவுக்கு, மெல்பர்னுக்கு என்றான். அங்கே நம் தமிழ் ஜனம் நிறைய, தியேட்டரே நிறையும் என்றான்.

"அந்தப் பேரு அங்க கேக்குமா?"

"தெளிவாக் கேக்கும்க்கா."

"அப்ப இருக்கட்டும். தூக்காதீங்க."

அவள் கணக்கு இதுதான். அவன் அங்கே ஏதாவது ஒரு தீவில், ஒரு ஜெயிலில், ஒரு ஓட்டல் சமையல்கட்டில் உயிரோடு இருந்தால், படத்தை அவன் பார்க்க வேண்டும் என்றில்லை. பார்த்தவன் ஒருவன் போய், உன் பேரை ஒரு கிழவி இருக்கிறான் இருக்கிறான் என்கிறாளேடா என்றால் போதும். அதற்காக உலகமே சிரிக்கட்டும், சிரித்துவிட்டுப் போகட்டும்.

சாயங்காலம் கிளாட்சன் தயங்கித் தயங்கி இன்னொன்று கேட்டான். அந்த முந்தானை ஜோக்குக்கு வரிசையில் நிற்கிற யாராவது சிரிக்க வேண்டும், அந்த முகத்தைக் கிட்டத்தில் காட்ட வேண்டும், அக்கா முகம்தான் பொருத்தமாக இருக்கிறது. ஷோபனா நின்றாள். சிரிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தார்கள், உதடு இழுபட்டதே தவிர சிரிப்பு வரவில்லை. காட்சி சரியாக வராவிட்டால் வெட்டிவிடுவார்களோ, வெட்டினால் பேரும் போய்விடுமே என்று பயம் வந்தது. அந்தப் பயத்தில் சிரித்தாள் பாருங்கள், பல்லெல்லாம் தெரிய, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. அடடா என்றான் கேமராக்காரன்.

படம் நிஜமாகவே மெல்பர்னுக்குப் போயிற்று. பிரின்ஸி போன் பண்ணிச் சொன்ன நாளிலிருந்து ஷோபனா தன் போனை அணைத்ததே இல்லை. நடவு வயலில் இறங்கும்போதுகூடப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் சொருகிக்கொண்டாள். தெரியாத நம்பர் வந்தால் சேற்றுக் கையோடு எடுப்பாள். கடன் வேண்டுமா என்று கேட்டார்கள், ரீசார்ஜ் பண்ணச் சொன்னார்கள். ஒரு நாள் நீளமான வெளிநாட்டு நம்பர் ஒன்று வந்து, எடுப்பதற்குள் நின்றுவிட்டது. திருப்பிக் கூப்பிட்டால் போகவில்லை. அன்றைக்கு அவள் சோறு தின்னவில்லை. தெய்வானையோ தினமும் கேட்டாள், "என்னவாம் பிள்ளை, அவன் உனக்குக் கோல் எடுத்தவனோ?"

அறுப்பு முடிந்த பிறகு தஞ்சாவூரில் ஒரு தியேட்டரில் பகல் காட்சியாக அந்தப் படத்தைப் போட்டார்கள். நடித்தவர்களுக்கு வேன் அனுப்பியிருந்தான் கிளாட்சன். மாமியும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்கள். ரைஸ் மில் வந்தது, ஜீப் வந்தது, சாமிதுரை வந்தார். தெய்வானை மருமகளின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

திரையில் வரிசை தெரிந்தது. சாமிதுரையின் குரல் மட்டும் கேட்டது.

"மயில்வாகனம்!"

"இருக்கிறான் ஐயா!" என்றது தெய்வானையின் குரல். அவளுடைய சொந்தக் குரல். பெற்றவள் எவனோ ஒருவனுக்கு இருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். முந்தானை ஜோக் வந்தது, தியேட்டர் அதிர்ந்தது. அடுத்து ஷோபனாவின் முகம், சுவர் அகலத்துக்கு, பல்லெல்லாம் தெரிய.

"என்ர பிள்ளையின்ர பேர் எங்க?" என்று தெய்வானை கேட்டாள். சிரிப்புச் சத்தத்தில் அது ஷோபனாவுக்கு மட்டும்தான் கேட்டது.

வெளியே கிளாட்சனைச் சுற்றி ஒரே கூட்டம். ஷோபனா காத்திருந்து கேட்டாள். வக்கீல் சொன்னாராம், காணாமல் போன ஒருவரின் நிஜப் பேரைப் போட்டால் நாளைக்கு வம்பு வரும், அந்தக் குடும்பத்துக்கும் கஷ்டம் என்று. மெல்பர்னுக்கு அனுப்புவதற்கு முன்பே டப்பிங்கில் மாற்றிவிட்டார்களாம். "உங்க நல்லதுக்குத்தான்க்கா" என்றான். மயில்வாகனம் என்ற பேருக்குச் சிரிப்பும் நன்றாக வந்தது என்று பக்கத்தில் நின்ற ஒருவர் விளக்கினார். சொல்ல வேண்டும் என்று நினைத்தோம்க்கா, வேலையில் மறந்துபோச்சு என்றாள் பிரின்ஸி.

அந்தப் பேரே போகாத ஊரிலிருந்து அவன் கூப்பிடுவான் என்று சேற்றுக்குள் போனைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்! ஷோபனா கூட்டத்தை விலக்கிக் கிளாட்சனுக்கு நேராக வந்து நின்றாள்.

"பேரை மாத்தினீங்க, சரி. என் சிரிப்பை மட்டும் ஏன் தம்பி மாத்தாம விட்டீங்க?"

கிளாட்சனை யாரோ போட்டோ எடுக்கக் கூப்பிட்டார்கள், போனான்.

வேனில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தெய்வானை தனக்குத்தானே பேசிக்கொண்டு வந்தாள். பேர் இல்லாவிட்டால் என்ன, என் குரல் இருக்கிறதே, என் குரலை என் பிள்ளைக்குத் தெரியாதா, பார்த்திருந்தால் கட்டாயம் கோல் எடுப்பான் என்றாள். அவன் எங்காவது உயிரோடு இருக்க வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக ஷோபனா கும்பிடாத சாமி இல்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவள் வேறொன்றை வேண்டிக்கொண்டாள். தான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற அந்தப் படத்தை அவன் பார்த்திருக்கக் கூடாது.