இரண்டு மரை

அத்தான் அக்காவை அடித்தார். அடித்தார் என்று மரியாதையோடு எழுதுவது பழக்கதோஷம். பன்னிரண்டு வருடம் அவர் வீட்டுச் சோற்றைத் தின்றிருக்கிறேன். அன்றைக்குக் காரணம் பசை டப்பாவின் மூடி. அக்கா அதைத் திறந்தபடி விட்டதில் மேலே ஆடை கட்டிவிட்டது. தச்சுப்பட்டறை மூலையில் கிடந்த ரீப்பர் கட்டை ஒன்றை எடுத்து அவள் முதுகில் போட்டார். நாலாவது அடியில் கட்டை உடைந்தது. அத்தோடு விடுவார் என்று நினைத்தேன். உடைந்ததை ஓரமாக வைத்துவிட்டு, கட்டைக் கட்டுக்குள்ளிருந்து இன்னொன்றை உருவினார். முடிச்சு இல்லாத நல்ல கட்டையாகப் பார்த்துத்தான் உருவினார்.

குறுக்கே போன எனக்கும் தாடையில் ஒன்று விழுந்தது. வாயெல்லாம் ரத்தம். அக்கா அழவில்லை. என்னைப் பார்த்து, "நீ ஏண்டி நடுவுல வர?" என்றாள். எனக்கு வயிற்றெரிச்சல் அதில்தான். துணி துவைப்பது, பாத்திரம் கழுவுவது மாதிரி அடி வாங்குவதையும் அவள் தன் வேலைகளில் ஒன்றாக ஆக்கிக்கொண்டிருந்தாள். விட்டுவிட்டு வந்துவிடு என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருக்கிறேன். "எங்க போறது?" என்பாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்துக்கொண்டே முடிவு செய்தேன். அவள் போகமாட்டாள் என்றால் அவர் போகட்டும்.

வழியையும் அவரே காட்டினார். நாற்பது புத்தக அலமாரிக்கு ஆர்டர் வந்திருந்தது. தட்டுகள் உட்காரப் பக்கப்பலகைகளில் காடி, அதாவது குறுக்குப் பள்ளம், வெட்ட வேண்டும். சாதாரண பிளேடில் ஒரு காடிக்கு ஏழெட்டுத் தடவை பலகையைத் தள்ள வேண்டும். டேடோ செட் என்றால் ஒரே ஓட்டு. வெளிப்பக்கம் இரண்டு பிளேடு, நடுவே மரத்தைச் செதுக்கித் தள்ளும் சில்லுகள்; எவ்வளவு அகலம் வேண்டுமோ அவ்வளவுக்கு அடுக்கி, மேசையில் பதித்த மின்ரம்பத்தின் தண்டில் கோத்து, நட்டைப் போட்டு முடுக்க வேண்டியதுதான்.

"நல்லதா ஒரு செட் வாங்கிட்டு வா. காடி ஒரே வெட்டுல விழணும்" என்று மறுநாள் காலை என்னைக் கடைக்கு அனுப்பினார். முந்தின நாள் என் தாடையில் அடித்தது அவர் நினைவிலேயே இல்லை.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். ஒன்று மெல்லிசு, இன்னொன்று தடிமன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "உங்க மெஷின்ல தண்டு எவ்ளோ நீளம்மா?" என்றார்.

"எதுக்கு?"

"அடுக்கு தடியாப் போச்சுன்னா நட்டு பிடிக்கத் தண்டுல மரை பத்தாது. ஒண்ணு ரெண்டு மரையில தொங்கிட்டு நிக்கும். ஓடறப்போ ஒண்ணும் தெரியாது. நிறுத்தறப்போதான் வினை. தண்டு நின்னுரும், பிளேடோட கனம் நிக்காது. நட்டைக் கழட்டிட்டு வெளிய வந்துரும். சுவிட்சை அமுக்குனதும் டக்குனு நிக்கிற மெஷின்னா கேக்கவே வேணாம். சின்ன மெஷின்னா மெல்லிசை வாங்கிட்டுப் போ. ரெண்டு ஓட்டா ஓட்டிக்கலாம்."

எங்களுடையது சின்ன மெஷின்தான். டக்கென்று நிற்கிற மெஷின்தான். தினமும் அதைத் துடைத்து எண்ணெய் போடுகிறவள் நான். தண்டின் நீளம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். அரை அங்குலம் கூட்டிச் சொன்னேன். "அப்போ தாராளமா தடிசையே வாங்கலாம்" என்றார். ரம்பத்தை அத்தானைத் தவிர யாரும் ஓட்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். அக்கா அதன் பக்கம்கூட நிற்கமாட்டாள். அந்தத் தைரியத்தில்தான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

அத்தான் காப்பு மூடியைக் கழற்றினார். பிளேடு, சில்லுகள், மறுபடி பிளேடு என்று கோத்தார். நட்டை வைத்து விரலால் திருகினார். இரண்டு சுற்றில் அது நின்றுவிட்டது. தண்டின் முனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் தரையில் கிடந்த மரத்தூளைப் பார்த்தேன். ஸ்பேனரால் நட்டை முடுக்கினார்.

"உங்கக்காவைக் கூப்பிடு."

அக்கா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இன்னிக்கு நீ ஓட்டு" என்றார்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"பலகையத் தள்றதுக்குப் படிப்பா படிக்கணும்? வா, இப்படி நில்லு."

அவளைப் பிளேடுக்கு நேராக நிறுத்தினார். அவளுடைய இரண்டு கைகளையும் எடுத்துப் பலகைமேல் வைத்தார். சுவிட்ச் தூணில் இருந்தது. அங்கே போய் நின்றுகொண்டு, போட்டார்.

ரம்பம் கத்தியது. அக்கா பயந்து பயந்து தள்ளினாள். அத்தானின் கை சுவிட்சிலேயே இருந்தது. அவள் தள்ளி முடித்ததும் நிறுத்துவார். சொன்னால் என்னைக் கொன்றுபோடுவார். சொல்லாவிட்டால் அவள் செத்தாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் யோசித்தேன். பலகை பாதி தூரம் போகும்வரை யோசித்தேன்.

அப்புறம்தான் ஓடினேன். அவள் இடுப்பைக் கட்டி இழுத்துக்கொண்டு தரையில் விழுந்தேன். கைவிட்ட பலகை பின்னால் பறந்து சுவரில் மோதிப் பிளந்தது. அத்தான் சுவிட்சை அணைத்தார்.

கடைக்காரர் சொன்னபடியே நடந்தது. நட்டு தெறித்தது. பிளேடு மேசை இரும்பைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தது. ஒரு சில்லு மேலெழும்பி, அக்காவின் நெஞ்சு இருந்த இடத்தைத் தாண்டிப்போய், பின்னால் அடுக்கியிருந்த பிளைவுட்டில் பாதிவரை இறங்கியது. உடைந்த பிளேடு பல் ஒன்று என் தோளைக் கிழித்தது.

"நட்டு ரெண்டு மரையிலதான்க்கா நின்னுச்சு" என்று கத்தினேன். "தெரிஞ்சுதான் வாங்கினேன். இவருக்குன்னு வாங்கினேன். நீ ஓட்டுவேன்னு நெனைக்கல."

அத்தான் சிரித்தார். "நட்டைத் திருகும்போதே எனக்குத் தெரியும். உன் தங்கச்சிக்கு வாய் தெறக்குதா இல்லையான்னு பாத்தேன்."

சொல்லிவிட்டு வந்து என் வயிற்றில் உதைத்தார். மூச்சு நின்றுவிட்டது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கியபோது அக்கா எழுந்துவிட்டாள். அவள் கையில் உளி அடிக்கும் மரச்சுத்தியல், கொட்டாப்புளி, இருந்தது. ஊன்றியிருந்த காலின் முட்டியில் ஓங்கி அடித்தாள். எலும்பு உடைந்தது எனக்குக் கேட்டது. விழுந்தவர் தடுக்கக் கையைத் தூக்கினார். அந்த விரல்களில் அடித்தாள். கையைத் தரையில் வைத்து அழுத்திக்கொண்டு மறுபடி அடித்தாள். வாழ்நாளில் அவர் அலறி அன்றைக்குத்தான் கேட்டேன். எனக்கு இனித்தது. அதை மறைப்பானேன்.

கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு என்னிடம் வந்தாள். தூக்கிவிடத்தான் குனிகிறாள் என்று கையை நீட்டினேன். வீங்கியிருந்த அதே தாடையில் அறைந்தாள்.

"அவரு பாத்துக்கிட்டு நின்னாரு, சரி. அவரு அப்படித்தான். நீ எதுக்குடி நின்ன?"

"அக்கா…"

"பலகை பாதி போயிருச்சு. நான்தானே தள்ளினேன், எனக்குத் தெரியாதா?"

அவள் குழாயடியில் கை கழுவினாள். செருப்பை மாட்டிக்கொண்டாள். எங்கே போவது என்று அன்றைக்கு அவள் யாரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு வருடம் நான் ஏங்கிக் கிடந்தது இதற்குத்தானே என்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமலேயே, "பின்னாடி வராத" என்றாள்.

அத்தானால் எழுந்து நிற்கவே முடியாது. என்னைத்தான் சொன்னாள்.