சுத்தப் பிரதி

"'பக்தியும் அடக்கமும் ஒருங்கே அமையப்பெற்ற.' எழுதிட்டியா?" என்று கேட்டார் அண்ணன் அற்புதராஜ்.

ஜெயசெல்வி எழுதிவிட்டாள். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், பெஞ்சின் மேல், அக்கா ஜெபமணியை வெள்ளைப் புடவை கட்டிக் கிடத்தியிருந்தார்கள். மூன்று மாதமாக வயிற்றில் கட்டி. விடிகாலையில் உயிர் போனது. இப்போது மணி பதினொன்று. நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் ஜீவிய சரித்திரம் தயாராக வேண்டும்.

ஒசூர் சபையில் யார் செத்தாலும் குழிமேட்டில் போதகர் அவருடைய ஜீவிய சரித்திரத்தை வாசிப்பார். எழுதிக் கொடுப்பது அற்புதராஜ். போன வருஷம்தான் ரெவின்யூ இன்ஸ்பெக்டராக இருந்து ரிட்டயர் ஆனார் என்றாலும், செத்தவர்களைத் திருத்துகிற உத்தியோகத்தைப் பதினைந்து வருஷமாகப் பார்த்துவருகிறார். குடித்தே செத்த பிரகாசம் அவர் கையில் 'கலகலப்பான சுபாவமுடையவர்' ஆனார். பெண்டாட்டியை விறகுக்கட்டையால் அடித்த ஜெபதுரை 'குடும்பத்தைக் கண்டிப்புடன் நடத்தியவர்' ஆனார். எல்லோரும் ஒரே மாதிரி நல்லவர்களாகப் போனதால், போன மாதம் புதைத்த ஆளையே மறுபடி புதைக்கிறோமோ என்று சபையாருக்கே சில சமயம் சந்தேகம் வருவதுண்டு.

"கதை எழுதினதப் போடலியேண்ணா."

"என்னாத்துக்கு? அது என்னா ஊழியமா?"

"பத்தொம்பது கதை."

"எவன் படிச்சான்? எழுதிக்கோ. 'ஓய்வு நேரங்களில் பின்னல் வேலையில் மிகுந்த ஆர்வம் காட்டினார்.'"

ஜெயசெல்வி தான் போட்டிருந்த ஸ்வெட்டரைப் பார்த்துக்கொண்டாள். "பின்னல் போடறது நானு."

"தெரியும். யாரு போட்டா என்னா, இந்த வூட்ல நடந்ததுதான."

அண்ணி மேரிராணி சுவரோரம் உட்கார்ந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவள் நன்றாகப் பழகியிருந்த வேலை அது.

பக்கத்து வீட்டு முனிலட்சுமி தூக்குப்போசியில் காபி கொண்டுவந்தாள். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், இவர்களோடு மட்டும் தமிழ். பிணத்தின் கால்மாட்டில் நின்று கண்ணைத் துடைத்தாள். "அக்கா எந்நேரமும் எழுதிட்டே இருப்பாங்க. அவ்ளோ லெட்டரு யாருக்குன்னு ஒரு நாளும் நான் கேட்டதில்ல. பதிலு வருமா செல்வி?"

"எப்பவாச்சும் வரும்," என்றாள் ஜெயசெல்வி.

எழுதியது மதராஸில் முந்நூறு பிரதி அடிக்கிற ஒரு சின்னப் பத்திரிகைக்கு. ஜெபமணி கதைகளில் கொலை கிடையாது, காதல் கிடையாது, முடிவில் யாரும் திருந்துவதும் கிடையாது. ஒருத்தி அரிசி களைவாள். ஒருத்தி பஸ்ஸுக்கு நிற்பாள். பஸ் வருவதற்குள் கதை முடிந்துவிடும். பத்தொன்பதில் ஒன்றுதான் ஒசூர் வரை வந்து சேர்ந்தது. ஒரு உபதேசியார் மழையில் குடை பிடித்துப் போகிறார், பெண்டாட்டி கைக்குழந்தையோடு பின்னால் நனைந்துகொண்டு போகிறாள், அவ்வளவுதான் கதை என்று சபையில் பேசிக்கொண்டார்கள். உத்தனப்பள்ளிச் சபையில் போதகருக்கு அடுத்தபடி உபதேசியாராக இருந்தவர் இவர்களுடைய அப்பா. அற்புதராஜ் அந்தக் கதையைப் படிக்கவில்லை. படிக்காமலே தங்கச்சியோடு நாலு வருஷம் பேசாமல் இருந்தார். அவள் படுத்த பிறகு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். அப்போதும் கதையைப் பற்றிப் பேசவில்லை.

ஆறு பக்கம் சொல்லி முடித்து அவர் எழுந்தார். "சுத்தமா ஒரு காப்பி எடுத்து நேரா போதகர் ஐயா கையில குடுத்துடு. உன் எழுத்துன்னாதான் அவரு கண்ணுக்குப் புரியும். நான் பெட்டி செய்றவங்கிட்ட போய் வர்றன்."

அவள் சமையலறையில் உட்கார்ந்தாள். சுத்தப் பிரதி எடுப்பது அவளுக்குப் புதிதல்ல. ஜெபமணியின் கையெழுத்து கோழி கிளறிய குப்பை. இருபது வருஷமாகப் பத்திரிகைக்குப் போனதெல்லாம் ஜெயசெல்வியின் கையெழுத்தில்தான். அதில் ஒரு எழுத்தைக்கூட அவள் தானாக மாற்றியதில்லை. அடிக்கிறவள் அக்காதான். ஒரு பக்கம் எழுதினால் முக்கால் பக்கம் அடிப்பாள். ஒருமுறை, "நல்லாத்தான இருந்துச்சு, ஏன் அடிச்ச?" என்று கேட்டதற்கு, "எழுத்தே அழுதுட்டா படிக்கிறவன் எதுக்குடி அழுவான்?" என்றாள்.

ஜெயசெல்வி பேனாவைத் திறந்தாள். 'பக்தியும்' என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அண்ணனுடைய ஆறு பக்கத்தை ஒருமுறை படித்தாள். படித்துவிட்டு அடிக்கத் தொடங்கினாள். அடித்து முடித்தபோது பிறந்த ஊரும் வருஷமும்தான் மிஞ்சின. அதன் கீழே அவள் எழுத வேண்டியிருந்தது. அடுப்பில் வைத்த வெந்நீர் வற்றிப் பாத்திரம் கருகிய வாசனை வந்த பிறகுதான் எழுந்தாள்.

கல்லறைத் தோட்டத்தில் தூறல் போட்டது. பெட்டியைக் குழிக்குள் இறக்கினார்கள். அற்புதராஜ் குடையின் கீழ், தான் எழுதியதைக் கேட்பதற்குத் தோதாகத் தலையைச் சற்றே சாய்த்து நின்றார். போதகர் தாளைப் பிரித்து, பழக்கமான ராகத்தில் தொடங்கினார். இரண்டாவது வரியிலேயே ராகம் உட்காரவில்லை. பிறகு வெறுமனே வாசித்தார்.

"ஜெபமணி 1920இல் உத்தனப்பள்ளியில் பிறந்தாள். அப்பா உபதேசியார். இருபத்திரண்டு வருஷம் மூன்றாம் வகுப்புக்குப் பாடம் சொன்னாள். பின்னல் தெரியாது. பத்தொன்பது கதை எழுதினாள். ஒரு கதையில் மழை பெய்தது. அப்பா குடை பிடித்து முன்னால் போனார். அம்மா கைக்குழந்தையோடு நனைந்து போனாள். அம்மாவின் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஐந்து வயதுப் பெண் ஒருத்தி போனாள். அப்பாவின் குடைக்குள் ஒரு பையன் இருந்தான். இன்று விடிகாலை ஜெபமணி செத்துப்போனாள்."

போதகர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பத்திரிகைக்கு அனுப்புகிற மாதிரி ஒரு பக்கம்தான் எழுதியிருந்தது. பின்பக்கம் வெள்ளை. வேறு வழியில்லாமல் ஜெபம் செய்தார்.

யாரும் அற்புதராஜைப் பார்க்கவில்லை. எல்லோரும் குடையைப் பார்த்தார்கள்.

மண் தள்ளி முடிந்து ஜனங்கள் கலைந்தபோது தூறல் மழையாகியிருந்தது. அற்புதராஜ் முன்னால் நடந்தார். இரண்டு எட்டுப் பின்னால் மேரிராணி. அவளுக்குப் பின்னால் ஜெயசெல்வி. வாய்க்கால் மேட்டைத் தாண்டினார்கள். அவர் திரும்பாமலே கேட்டார்.

"அந்தப் பையனுக்குப் பேரு வச்சிருக்காளா?"

"இல்லண்ணா."

"வயசு?"

"பன்னெண்டு."

இன்னும் கொஞ்ச தூரம் நடந்தார். "அந்தப் பையன் எதுனா பேசறானா?"

"ஒரு தடவ திரும்பிப் பாக்கறான்," என்றாள் ஜெயசெல்வி.

அற்புதராஜ் நின்றார். அப்போதும் திரும்பவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, விரித்த குடையை மேரிராணியிடம் கொடுத்தார்.

மேரிராணிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாங்கிச் சற்று நேரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதை மடக்கி, தண்ணீரை உதறி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். மூன்று பேரும் நனைந்துகொண்டே வீட்டுக்கு நடந்தார்கள்.