பொருந்தாததை அடித்துவிடவும்

...பதினேழு டிகிரி, பதினேழேகால், பதினெட்டைத் தாண்டினால் துரைக்கு ஆகாது, தாண்டாது, தொட்டிக் குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கிறது, இந்த வீட்டில் முணுமுணுக்காமல் வேலை செய்கிற ஒரே இயந்திரம் அதுதான், என்னைக் கணக்கில் சேர்க்காவிட்டால்... குழாயின் ஒரு முனை தொட்டிக்குள், மறு முனை நீல வாளிக்குள், நடுவே முக்காலியில் நான். முதல் இழுப்புக்கு வாய் வைத்தபோது ஒரு மடக்கு உள்ளே போய்விட்டது, அம்மோனியா கொஞ்சம் கூடுதல், நைட்ரேட் பரவாயில்லை, நாக்கே சொல்லிவிடுகிறது, குடிநீர் வாரியச் சோதனைக்கூடத்தில் பதினாறு வருஷம் குப்பி குலுக்கியதற்கு இதுவாவது மிஞ்சியிருக்கிறதே. எழுந்து போகவும் முடியாது, எழுந்தால் குழாய் நழுவும், நழுவினால் கூடமே குளம், ஆக அடுத்த அரைமணி நேரத்துக்கு என்னைக் கட்டிப்போடக் கயிறு தேவையில்லை, விரல் பருமனில் ஒரு ரப்பர் குழாய் போதும். துரை பக்கத்தில், பிளாஸ்டிக் டப்பாவில், மேலே சாப்பாட்டுத் தட்டு மூடி. ஆக்சலாட்டல் என்பது இனப்பெயர், மீனும் பல்லியும் பேசிச் சமாதானமாகிப் பெற்ற பிள்ளை மாதிரி வெளிர் ரோஜா நிறத்தில் ஒரு சாண் நீளம், கழுத்தின் இரண்டு பக்கமும் இறகு போலச் செவுள், இமை கிடையாது, எந்நேரமும் சிரித்த முகம், ஒரு வேலையும் செய்வதில்லை, அதனால் துரை. தவளைக் குஞ்சுக்குக்கூடக் கால் முளைத்தால் கரையேறத் தெரிகிறது. துரைக்கு நாலு கால், கரையேறுகிற உத்தேசமே இல்லை, குழந்தையில் இருந்த செவுளோடு ஆயுசு முழுக்கத் தண்ணீருக்குள்ளேயே... சிரித்துக்கொண்டு.

பன்னிரண்டு மணிக்கு மீன்தொட்டிச் சங்கத்திலிருந்து போட்டி நடுவர்கள் வருகிறார்கள், இப்போது பத்தரை, சாப்பாட்டு மேசையில் அண்ணனும் தம்பியும் இன்னும் முடிவுக்கு வரவில்லை. என் கணவர் இயற்கைக் கட்சி, கொழுந்தன் எளிமைக் கட்சி. இயற்கை என்றால் நைஸ் மணல், வேர்க்கட்டை, பாசி, மூன்று வகைச் செடி, ஒரு குகை. எளிமை என்றால் வெறும் கண்ணாடித் தரை, அதில் ஒரே ஒரு வெள்ளைக் குழாய்த் துண்டு. கணவர் வங்கித் தலைமையகத்தில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர், இரண்டு பேர் இருந்தாலே அவையோரே என்று ஆரம்பிக்கிற தொண்டை, “ஒரு உயிரை அதோட வேரோட பார்க்கணும்டா, வேரில்லாத அழகு பிணத்துக்குப் போட்ட பவுடர்” என்கிறார். கொழுந்தன் கடைகளுக்கு உள்ளலங்காரம் செய்பவன், செருப்புக் கடையிலிருந்து முக்கால்வாசிச் செருப்பைத் தூக்கிவிட்டு அதற்கு விருது வாங்கினான், கடை மூன்று மாதத்தில் மூடியது, அதைப் பற்றி அவன் பேசுவதில்லை. “வெறுமையும் ஒரு பொருள்தான்ணா, அது உனக்குப் பிடிபடாது. தரையைக் காலியா விட்டாத்தான் உயிர் மட்டும் தெரியும்.” தெரிந்தது, போன மாதம் அவன் முறை வந்தபோது உயிர் மட்டுமல்ல, உயிர் கழித்ததும் கண்ணாடியில் பளிச்சென்று தெரிந்தது, இரண்டு வேளையும் ரப்பர் உருண்டை மாட்டிய பீச்சாங்குழலால் உறிஞ்சியது யார்? வெறுமைக்குத்தான் எத்தனை வேலை. துரைக்குக் கண்ணாடியில் கால் பிடிக்காமல் சறுக்கிச் சறுக்கி, பனியில் நடக்கிற வயசாளி மாதிரி... அதற்கு முன்மாதம் அண்ணன் முறை, ஆற்றுப் படுகை அசலாக இருக்கவேண்டும் என்று கூழாங்கல் கொட்டினார், நான் வேண்டாம் என்றேன், வாயை ஆவென்று திறந்து எதிரில் இருப்பதை உறிஞ்சுகிற ஜீவன், கல்லும் போகும் என்றேன், “இயற்கைக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?” என்றார். மூன்றாம் நாள் துரை வயிறு ஒரு பக்கம் புடைத்து, சாப்பிடாமல்... சிரித்துக்கொண்டு.

குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொன்னார் மிருக வைத்தியர், குளிரில் தானாக வெளியே தள்ளும் என்று. முட்டைத் தட்டுக்குக் கீழே, தயிருக்குப் பக்கத்தில், மூடி போட்ட டப்பாவில் நாலு நாள், தினமும் குளிர்ந்த தண்ணீர் மாற்றி. மாமியார் தயிர் எடுக்கப் போய் டப்பாவைத் திறந்துவிட்டார், அந்த அலறலில் எதிர்வீட்டார் கதவைத் தட்டினார்கள். “பல்லிக்கு ஏசி, ஃபிரிட்ஜ் எல்லாம். எனக்கு மட்டும் ஒருபக்கமாச் சுத்துற ஃபேனு.” நாலாம் நாள் கல் வந்தது, பட்டாணி அளவு, கணவர் அதைச் சின்னக் குப்பியில் போட்டுச் சங்கத்துக்குக் கொண்டுபோய் ‘ஒரு உயிரோடு நான்கு நாள்’ என்று நாற்பது நிமிஷம் பேசினார், எழுந்து நின்று கைதட்டினார்களாம். அந்த நாலு நாளும் அவர் வெளியூரில் பயிற்சி முகாமில் இருந்தார் என்பது உரையில் எங்கே வந்திருக்கும்? நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகும்... வாளி முக்கால் நிறைந்துவிட்டது, கட்டைவிரலால் அடைத்து அடுத்த வாளிக்கு மாற்று, சிந்தாமல், சிந்தவில்லை.

அன்றைக்கும் இப்படித்தான் குழாயோடு உட்கார்ந்திருந்தேன், பதினோரு நாள் ஆகிறது, துறைப் பரீட்சை முடிவு வந்துவிட்டது என்றேன் கணவரிடம், தலைமைப் பகுப்பாய்வாளர் வேலை, ஏரிக்கரை ஊரில் புதுச் சோதனைக்கூடம், ரயிலில் ஆறு மணி நேரம், குடியிருப்பும் தருகிறார்கள் என்றேன். ஒரே மூச்சில் சொன்னதால்தான் விழவில்லையோ? விழுந்தது, “அடடே” என்றார், வேர்க்கட்டையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்துக்கொண்டே, “நல்ல விஷயம்தான், உக்கார்ந்து பேசலாம், முதல்ல தொட்டி முடியட்டும்.” தொட்டி முடியுமா? தொட்டி எந்தக் காலத்தில் முடிந்திருக்கிறது, தண்ணீர் மாற்றிய மறுநிமிஷமே மாற்றவேண்டிய தண்ணீராகத்தானே ஆரம்பிக்கிறது. படிவம் கைப்பையில் இருக்கிறது, ஒரே வரி, விருப்பம் சாய்கோடு விருப்பமில்லை, அடைப்புக்குறிக்குள் பொருந்தாததை அடித்துவிடவும். நாளைக் காலை பத்துக்குள் கொடுக்கவேண்டும். பிரிவு அதிகாரி அம்மாள் வெள்ளிக்கிழமை கண்ணாடிக்கு மேலே பார்த்து, “ஏதாவது ஒண்ணை அடிச்சுக் கொடும்மா. ரெண்டையும் அப்படியே விட்டா விருப்பமில்லைன்னுதான் எடுத்துக்குவாங்க” என்றார். அது என்ன நியாயம் என்று பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தேன், பேசாமல் இருந்தால் இல்லை என்று அர்த்தமா, கல்யாணத்தின்போது பேசாமல் இருந்தேன், ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்களே...

“அந்தக் காகிதத்தை எத்தனை தடவைதான் மடிப்ப?” மாமியார். சோபாவில், விசிறியின் நல்ல பக்கத்தில், கண் மூடியபடி. தூங்குகிறார் என்றல்லவா நினைத்தேன். எந்தக் காகிதம் அத்தை? “பையில இருக்கிறதுதான். தலைவலி மாத்திரை தேடினேன், ஆப்ட்டுச்சு. மடிப்புல கிழிஞ்சே போகப்போகுது.” மேசைப் பக்கம் பார்த்தேன், அண்ணன் தம்பி இரண்டு பேரும் வெறுமைக்குள் இருந்தார்கள், காதில் விழவில்லை. படிச்சுட்டீங்களா? “படிக்காம? எதை அடிக்கப்போற?” தெரியலை அத்தை. “நீ போயிட்டா இந்தப் பல்லியை என் தலையில கட்டுவானுங்க.” அவ்வளவுதான், கண்ணைத் திறக்கவேயில்லை. போகாதே என்கிறாரா, போ என்கிறாரா, பல்லியையும் எடுத்துக்கொண்டு போ என்கிறாரா? இந்த அம்மாளிடம் இருபது வருஷமாக ஒரு வாக்கியத்துக்கு ஒரு அர்த்தம் கிடைத்ததில்லை. ஆனால் பதினோரு நாளில் எதை அடிக்கப்போகிறாய் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான்.

“அண்ணி, நீங்களே சொல்லுங்க” என்று கொழுந்தன் காகிதத்தோடு வந்தான், பின்னாலேயே கணவர், “அவளை ஏன்டா இழுக்கற, அவளுக்கு எல்லாம் ஒண்ணுதான்.” சங்கத்தின் விண்ணப்பம். தொட்டியின் வகை, இயற்கை சாய்கோடு எளிமை, பொருந்தாததை அடித்துவிடவும். சிரிப்பு வந்துவிட்டது, உலகத்தில் படிவம் அச்சடிப்பவர்கள் எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தார்களா? “எதுக்குச் சிரிக்கற? உன் கையெழுத்துதான் பார்க்க நல்லாயிருக்கும், நீயே அடிச்சுடு. யோசிச்சு அடி, இது ஒரு தரிசனம் சம்பந்தப்பட்டது.” வாங்கினேன், முழங்காலில் வைத்தேன், கட்டைவிரல் குழாயில், மறுகையால் இயற்கைக்குக் குறுக்கே ஒரு கோடு. அரை விநாடிகூட ஆகவில்லை. கணவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே, துரைக்கு மட்டும் இமை இல்லை என்று யார் சொன்னது? “அவன் பக்கம் சேர்ந்துட்டியா நீ?” கொழுந்தன் அதற்குள் கை கூப்பிவிட்டான், “அண்ணிக்கு வெறுமை புரிஞ்சுபோச்சுண்ணா.” “மணல் இன்னும் கழுவலை,” என்றேன், “நாலு பேசின் இருக்கு. பன்னண்டுக்குள்ள ஆகாது.” சோபாவிலிருந்து ஒரு சத்தம், இருமலா சிரிப்பா தெரியவில்லை. ஒரு தரிசனம் இப்படி ஈர மணலில் முடிந்ததில் இரண்டு பேருக்குமே வருத்தம், ஜெயித்தவனுக்குக்கூட, பேசாமல் பழைய துணியால் மேசையைத் துடைக்கப் போனார்கள், அதையாவது...

எத்தனை சுலபமாகக் கோடு போட்டது இந்தக் கை. பேனா இன்னும் மடியில்தான் இருக்கிறது, கைப்பை நாற்காலி முதுகில், எட்டினால் எடுத்துவிடலாம், குழாயை விட்டால். இரண்டு வாளியும் நிறைந்துவிட்டன, குழாயை விட்டுவிடலாம்தான். விட்டேன். எடுக்கவில்லை. நேற்றே பிடித்துக் குளோரின் போக வைத்த தண்ணீரைச் செம்பு செம்பாக ஊற்று, மெதுவாக, சூடு பார், பதினேழு... ஊற்றுகிறபோது வழக்கம்போல அந்த அறைக்குப் போனேன். பதினோரு நாளாகப் போய்வருகிறேன், பஸ்ஸில், குப்பி குலுக்கும்போது, படுக்கையில். குடியிருப்பின் வரைபடத்தைப் படிவத்தோடு அனுப்பியிருந்தார்கள், பத்துக்குப் பன்னிரண்டு, கிழக்கே ஒரு ஜன்னல். ஜன்னலடியில் பாய், ஒரு நாற்காலி, ஒரு தட்டு, ஒரு டம்ளர், கொக்கியில் ஒரு பை, வேறு ஒன்றும் இல்லை, கொழுந்தன் பார்த்தால் விருதே கொடுத்துவிடுவான். காலை எழுந்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போவேன், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள், கவிழ்த்த டம்ளர் சாயங்காலம்வரை கவிழ்த்தபடியே இருக்கும்.

டப்பாவின் தட்டை எடுத்தேன். துரை மூலையில், டப்பாவில் மணலும் இல்லை, வெள்ளைக் குழாயும் இல்லை, அண்ணனும் இல்லை தம்பியும் இல்லை, என் விரல் இறங்கியதும் செவுளை விரித்து அதன் நிழலுக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டார். வாசலில் மணி அடித்தது, நடுவர்கள் அரைமணி முன்னாலேயே, “வந்துட்டாங்க, வந்துட்டாங்க, எங்கடி துண்டு?” என்று கணவர். இரண்டு கையாலும் ஏந்தி, துரை, வாங்க, உங்கள் வெறுமைக்கு... அப்போதுதான் அந்த அறையின் வடக்குச் சுவரைப் பார்த்தேன். பாய் அதை ஒட்டி இல்லை. நாற்காலியும் இல்லை. வெயில் விழாத சுவர், குளிர்ச்சியான சுவர், பக்கத்திலேயே பிளக் பாயிண்ட், பையைக்கூட எதிர்ப்பக்கக் கொக்கியில்தான் மாட்டியிருக்கிறேன், அங்கே மட்டும் இரண்டரை அடி காலியாக விட்டு, ஒவ்வொரு நாளும் அதைச் சுற்றிக்கொண்டுதான் ஜன்னலுக்குப் போயிருக்கிறேன். துரையின் தொட்டி இரண்டரை அடி. ஏன் சுற்றிப் போகிறாய் என்று இந்தப் பதினோரு நாளில் நானும் என்னைக் கேட்கவில்லை.